ரெண்டு துளைதானே என்று சொல்லாதீர்கள்!

நம் வீடுகளில் பெண்களின் உடம்புக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. கட்டு பெரிதாக இருந்தால் ஓய்வு. கட்டு சிறிதாக இருந்தால் வேலை! வயிற்றைக் கீறி ஆபரேஷன் என்றால் ஊரிலிருந்து அம்மா வருவாள், நாத்தனார் வருவாள், பக்கத்து வீட்டிலிருந்து ரசம் வரும். முட்டியில் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன் என்றாலோ, "ரெண்டு துளைதானே! சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே!" என்பதோடு சரி. மறுநாள் காலை காபி யார் போடுவது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழுவதில்லை.

'ஆர்த்ராஸ்கோப்பி' என்று டாக்டர்கள் சொல்கிற இந்தத் துளை ஆபரேஷன் இப்போது சகஜமாகிவிட்டது. ஈரத் தரையில் வழுக்கி, ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, சில சமயம் குந்தி உட்கார்ந்து எழுந்திருக்கும்போதே முட்டி ஜவ்வு கிழிந்து போகிறது. அதைச் சீர்செய்யவே பெரும்பாலும் இந்த ஆபரேஷன். முட்டியையே மாற்றி வைக்கிற பெரிய ஆபரேஷன் வேறு. அதைப் பற்றி நான் இங்கே சொல்லவில்லை. துளை ஆபரேஷன் ஆன பிறகு வருகிற வலியை வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இன்றைய விஷயம்.

துளை சின்னது, வேலை சின்னதல்ல

1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற டாக்டர், மூத்திரப் பையைப் பார்க்க உதவும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் போட்ட பாதையில் நடந்த மசாகி வதனபே, 1962-ல் குழாய் வழியாகவே கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்துக் காட்டினார். இன்று உலகமெங்கும் நடக்கிற துளை ஆபரேஷனுக்கு அதுதான் ஆரம்பம்.

வெளியே பார்த்தால் ஒவ்வொரு துளையும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒன்றின் வழியாகக் கேமரா போகும். இன்னொன்றின் வழியாகக் கருவி போகும். உள்ளே இடம் கிடைப்பதற்காக உப்பு நீரைச் செலுத்தி மூட்டை உப்ப வைப்பார்கள். ரத்தம் மறைக்காமல் இருக்கத் தொடையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டுவதும் உண்டு. பிறகு வெட்டுவதோ, தைப்பதோ, சுரண்டிச் சுத்தம் செய்வதோ நடக்கும். மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வலி நரம்புகள் ஜாஸ்தி. இத்தனைக்கும் பிறகு வலிக்காமல் இருக்குமா? "ஆபரேஷன் பண்ணினது முட்டியில், தொடை ஏன் கன்னிப்போய் வலிக்குது?" என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பட்டையை நினைத்துக் கொண்டால் போதும். சில நாளில் சரியாகிவிடும்.

இன்னொரு சங்கதி முக்கியம். முட்டி வீங்கி வலிக்கும்போது, அதைத் தாங்கிப் பிடிக்கிற முன்தொடைத் தசை தானாகவே தளர்ந்து தூங்கிவிடும். தசை தூங்கினால் கால் நொடிக்கும். நொடித்தால் பயம் வரும். பயந்தால் காலை அசைக்கவே மாட்டோம். அசையாத முட்டி இறுகிப் போகும். ஆகவே, வலியை அடக்குவது சொகுசுக்காக அல்ல. வலி அடங்கினால்தான் கால் அசையும். அசைந்தால்தான் கால் தேறும். பல்லைக் கடித்துப் பொறுத்துக் கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

முதல் ராத்திரி

"சாயங்காலம் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாளே, ராத்திரி பத்து மணிக்கு ஏன் அழறா?" என்று வீட்டில் திகைப்பார்கள். காரணம் சுலபம். முதுகில் போட்ட ஊசியும், முட்டிக்குள் செலுத்திய மரப்பு மருந்தும் சில மணி நேரம்தான் வேலை செய்யும். அது விலகும்போது வலி மொத்தமாக வந்து நிற்கும். அதனால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன்பே, "முதல் வலி மாத்திரை எத்தனை மணிக்கு? மரப்பு போறதுக்கு முன்னாடியே கொடுக்கலாமா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையையும் வழியிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். நடு ராத்திரியில் மருந்துக் கடையைத் தேடி அலையக் கூடாது.

கால் மரத்திருக்கும் வரை தனியாக எழுந்து பாத்ரூம் போகக் கூடாது. கால் நம்முடையது மாதிரியே இருக்காது, மடங்கி விழுந்துவிடுவோம். முதுகில் ஊசி போட்டவர்களுக்கு உட்கார்ந்தால் தலைவலி பிளந்து, படுத்தால் குறைந்தாலோ, பல மணி நேரமாகியும் சிறுநீர் பிரியாவிட்டாலோ டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை

வலி தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரையைத் தேடுவது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது மாதிரி. முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் வலியின் உச்சம். அந்த நாட்களில் டாக்டர் எழுதிய மாத்திரையை வலிக்காகக் காத்திருக்காமல், எழுதிய வேளைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். வலி குறைந்தபின் ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வரலாம். கடைசியாகக் குறைப்பது ராத்திரி வேளையாக இருக்கட்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இரட்டிப்பாகத் தெரியும்.

இந்த மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பாராசிட்டமால்: எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஆனால் அளவு உண்டு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்பது உச்ச வரம்பு. மெலிந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைப்பார். கூட்டு மாத்திரைகளிலும், ஜலதோஷ மாத்திரைகளிலும் இது ஒளிந்திருக்கும். அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் உண்டு. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து.

ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக்: வீக்கத்தையும் குறைக்கக்கூடியவை. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும். "போன வருஷம் பல்வலிக்கு வாங்கினது மிச்சம் இருக்கு" என்று டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளவே கூடாது.

டிரமடால்: கடுமையான வலிக்குச் சில நாட்கள் மட்டும் கொடுப்பது. தலை சுற்றும், குமட்டும், மலச்சிக்கல் வரும். ஆபரேஷன் காலை வைத்துக்கொண்டு முக்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் நாளிலிருந்தே தண்ணீர் நிறையக் குடித்து, கீரை, வாழைப்பழம், பேரீச்சம்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள்.

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்மார்கள் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவராகக் கேட்கட்டும் என்று இருக்க வேண்டாம். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் பால் கொடுக்கிறவர்களுக்குப் பொதுவாக ஏற்றவை. டிரமடால், கோடீன் இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்திருக்கிறது. தாய்ப்பால் வழியாகச் சென்று, குழந்தையை அளவுக்கு மீறித் தூங்க வைத்து, மூச்சையே மந்தமாக்கிவிடக் கூடும்.

பத்துக்கு எத்தனை?

நம் பெண்களிடம் "வலிக்குதா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். வலியே இல்லையென்றால் பூஜ்யம். தாங்கவே முடியாத வலி பத்து. பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் மணி, கொடுத்த மாத்திரை, படுத்திருக்கும்போது வலி எத்தனை, நடக்கும்போது எத்தனை என்று நாலு கோடு போட்டு எழுதி வையுங்கள். பூஜ்யமாக வேண்டும் என்பதில்லை. மூன்று, நாலில் இருந்து, தூங்கவும் பயிற்சி செய்யவும் முடிந்தால் போதும். மாத்திரை போட்டும் ஏழு, எட்டு என்று நிற்கிறதா? நோட்டைப் பார்த்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள். "ராத்திரி பூரா வலிச்சுது" என்பதைவிட, "ரெண்டு மணிக்கு எட்டு, மாத்திரை போட்டும் நாலு மணிக்கு எட்டு" என்றால் அவருக்கு உடனே புரியும்.

ஐஸும் தலையணையும்

மாத்திரையோடு சேர்ந்து உதவுவது ஐஸ். பாலித்தீன் கவரில் ஐஸ் கட்டிகளும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு இறுக்கக் கட்டி, ஈரிழைத் துண்டில் சுற்றி, முட்டியின் மேல் 15, 20 நிமிஷம் வைக்கலாம். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம். வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்துபோன மாதிரி கொப்புளிக்கும். கால் மரத்திருக்கும்போதும், சர்க்கரை வியாதியால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாட்களில் வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூடு வீக்கத்தை ஏற்றும். தைலத்தைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, "நான் உருவி விடறேன், நாளைக்கே ஓடுவே பாரு" என்று அன்போடு வருகிற பாட்டிமார்களுக்கு ஒரு காபி கொடுத்து உட்கார வையுங்கள். காலைத் தொட விடாதீர்கள். புண்ணில் எண்ணெய் பட்டால் சீழ் பிடிக்கலாம். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருந்து அதை உருவிவிட்டால் உயிருக்கே ஆபத்து. தையல் பிரிக்கும்வரை புண்ணில் மஞ்சளும் வேண்டாம். பாலில் போட்டுக் குடிப்பதானால் குடியுங்கள். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று ஆகாது.

படுக்கும்போது பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வையுங்கள். கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் இருக்கட்டும். முட்டிக்கு அடியில் மட்டும் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கின வாக்கிலேயே இறுகி, பிறகு நீட்ட முடியாமல் போகும்.

படுத்தபடியே பயிற்சி

மாத்திரை சாப்பிட்டு அரைமணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சியை ஆரம்பித்தால் வலி தெரியாது. டாக்டர் தடை சொல்லாவிட்டால் மூன்றே மூன்று போதும்.

பாதத்தை மேலும் கீழுமாக, தையல் மிஷின் மிதிப்பது போல ஆட்டுவது ஒன்று. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் பத்து இருபது தரம். ரத்தம் உறையாமல் காப்பது இதுதான். காலை நீட்டி, முட்டியால் படுக்கையை அழுத்துகிற மாதிரி தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது இரண்டாவது. தூங்குகிற தசையை எழுப்புவது இது. குதிகாலைப் படுக்கையில் வைத்தபடியே மெல்ல இழுத்து முட்டியை மடக்கி நீட்டுவது மூன்றாவது. எத்தனை தூரம் மடக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சியின்போது வலி கொஞ்சம் ஏறினால் பயமில்லை. ஓரிரு மணியில் இறங்கிவிட வேண்டும். மறுநாள் காலை முட்டி கூடுதலாக வீங்கியிருந்தால், முதல் நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

கைத்தடி கொடுத்தால் ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

நாலாம் நாள் என்கிற பொல்லாத நாள்

என் ஓர்ப்படிக்கு ஜவ்வு கிழிந்து இந்த ஆபரேஷன் நடந்தது. மூன்று நாள் ஒழுங்காக இருந்தாள். நாலாம் நாள் காலை, "வலியே இல்லக்கா!" என்று ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். வாசல் தெளித்துக் குனிந்து கோலம் போட்டு, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, நின்றபடியே இரண்டு ஈடு இட்லி, சட்னி, சாம்பார். ராத்திரி பார்த்தால் முட்டி இளநீர்க்காய் மாதிரி வீங்கி நிற்கிறது. திரும்பவும் ஐஸ், படுக்கை, மாத்திரை என்று இன்னும் ஒரு வாரம். "மாத்திரை வலியைக் குறைச்சிருக்கு. நான் முட்டி ஆறிடுச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றாள் பிறகு. வலி இல்லாதது வேறு, புண் ஆறியது வேறு. உள்ளே ஆற வாரக் கணக்கு ஆகும்.

அதனால்தான் சொல்கிறேன், ஆபரேஷனுக்கு முன்பே வீட்டைத் தயார் செய்துவிடுங்கள். அன்றாடம் எடுக்கிற டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு மாற்றுங்கள். காய் நறுக்க மேஜையும் முதுகு சாய்கிற நாற்காலியும் போதும். அரிவாள்மணையைப் பரண் மேல் போடுங்கள். குந்தி உட்காருகிற கக்கூஸ் என்றால், நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்று வாங்கியோ வாடகைக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் தரை காய்ந்திருக்கட்டும். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தரையில் உட்காருவதும், குந்துவதும், தண்ணீர்க் குடம் தூக்குவதும் டாக்டர் அனுமதிக்கும்வரை கிடையாது. சின்னக் குழந்தை இருந்தால், நீங்கள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். வேறு யாராவது தூக்கி மடியில் கொடுக்கட்டும். நின்றுகொண்டு இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பத்து நாளைக்குக் காலை காபியும் பிள்ளைகளின் டிபனும் உங்கள் பொறுப்பு. ஓட்டலிலிருந்து இட்லி வந்தால் குடும்ப கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் போலவே இதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

உடனே ஓட வேண்டிய நேரம்

சில வலிகளை வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குளிர் காய்ச்சல், துளையிலிருந்து சீழ், முட்டி சிவந்து வலி நாளுக்கு நாள் ஏறுவது ஆகியவை மூட்டில் விஷக்கிருமி புகுந்ததன் அறிகுறிகள். மரப்பு மருந்து விலகிய பிறகும் பாதம் மரத்து, வெளுத்து அல்லது நீலம் பாரித்திருந்தால் கட்டு இறுகியிருக்கலாம். மலம் கறுப்பாகப் போனால் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

எத்தனை நாளைக்கு?

கிழிந்த ஜவ்வின் ஓரத்தை மட்டும் வெட்டிச் சீர்செய்திருந்தால், சில நாட்களில் தடியில்லாமல் நடக்கலாம். வீட்டு வேலை முழுவதும் பழையபடி செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். ஜவ்வைத் தைத்திருந்தால் கதையே வேறு. தையல் பிரியாமலிருக்கப் பல வாரம் ஊன்றுகோலும் முட்டிப் பட்டையும் வேண்டியிருக்கும், ஓரளவுக்கு மேல் மடக்கவும் கூடாது. ஆகவே, "எங்க மாமி பத்தே நாள்ல கோயில் சுத்தினா" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு இருங்கள். "வெட்டினீர்களா, தைத்தீர்களா?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது ரொம்ப அவசியம்.

மூன்று மாதமாகியும் வலி விடவில்லையென்றால், உள்ளே மூட்டுத் தேய்மானமும் இருக்கலாம். வயதால் தேய்ந்த முட்டிக்குத் துளை ஆபரேஷன் பெரிதாக உதவுவதில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 180 பேரை வைத்துச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். நிஜ ஆபரேஷன் ஆனவர்களுக்கும், தோலை மட்டும் கீறித் தைத்தவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை! 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதலும், தேய்மானத்துக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்றே சொல்கிறது. நாற்பது, ஐம்பதைத் தாண்டியவர்கள் கையெழுத்துப் போடுமுன், "இது அடிபட்ட கிழிசலா, வயசுத் தேய்மானமா? பயிற்சியால் சரியாகாதா?" என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வலியைப் பொறுத்துக்கொள்கிறவளுக்கு நம் வீடுகளில் "நல்ல பொறுமைசாலி" என்று பேர் கிடைக்கிறது. அந்தப் பேர் முட்டியை மடக்கித் தராது, படியேற்றி விடாது. வேளைக்கு மாத்திரை, ஐஸ், தலையணை, பயிற்சி, பத்து நாள் அடுப்பங்கரைக்கு லீவு என்று இத்தனையையும் கூச்சப்படாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் முப்பது நாற்பது வருஷம் உங்களைத் தாங்க வேண்டிய கால் அது!